ஆறாத புண்ணோடு ஒரு போர்வீரர்

ஜூலை மாதம் 14ஆம் திகதி புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் அவர்களின் திருவிழா. நோயாளருக்கும் தாதியருக்கும் வைத்தியசாலைகளுக்கும் பாதுகாவலராகத் திருச்சபை அவரை நமக்குத் தந்திருக்கின்றது. கறுத்த அங்கியும், அதன்மேல் நெஞ்சிலே பெரிய செஞ்சிலுவையும், கைகளில் தாங்கிய நோயாளியுமாக அவரது உருவப்படத்தைச் சிலர் கண்டிருக்கலாம். அப்படத்தைப் பார்ப்பவர், இவர் சிறுவயது முதலே பக்தியும் சாந்தமும் நிறைந்தவராய் வளர்ந்தவர் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இருபத்தைந்து வயதை எட்டும் வரை அவர் கூலிக்குப் போரிட்ட ஒரு சிப்பாய், சூதாட்டத்துக்கு அடிமை, எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்பவர். அந்தப் படைவாழ்வு அவருக்குப் பணத்தையோ பதவியையோ கொடுக்கவில்லை. காலில் ஒரு புண்ணைத்தான் கொடுத்தது. அந்தப் புண் சாகும்வரை ஆறவில்லை. அவரது வாழ்க்கையின் கதை ஏறக்குறைய அந்தப் புண்ணின் கதைதான்.

1550ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி, அக்கால நேப்பிள்ஸ் இராச்சியத்தைச் சேர்ந்த புக்கியானிக்கோ என்னும் சிற்றூரில் கமில்லஸ் பிறந்தார். தகப்பனார் ஜியோவன்னி பல படைகளில் பணியாற்றிய வீரர். வீட்டில் இருந்த நாட்களைவிடப் பாசறையில் இருந்த நாட்களே அவருக்கு அதிகம். தாயார் கமில்லா முதிர்ந்த வயதில் கருவுற்றதைக் கண்ட ஊரார், திருமுழுக்கு யோவானின் தாயாகிய எலிசபெத்தோடு அவரை ஒப்பிட்டுப் பேசினார்களாம். மகன் பிறக்குமுன் அந்தத் தாய் ஒரு கனவு கண்டார். நெஞ்சிலே சிலுவை அடையாளம் கொண்ட ஒரு சிறுவன் முன்னே நடக்க, அதே அடையாளம் அணிந்த வேறு பல சிறுவர்கள் அவன் பின்னே சென்றார்கள். தாய் மகிழவில்லை, அஞ்சினார். பிறக்கப்போகும் பிள்ளை ஒரு கொள்ளைக் கூட்டத்தின் தலைவனாவானோ என்ற பயம் அவருக்கு. பிள்ளை வளர்ந்த விதமும் அந்தப் பயத்தைக் குறைக்கவில்லை. படிப்பில் நாட்டமின்மை, கோபம், சீட்டு, தாயக்கட்டை என்று நாட்கள் போயின. மகனின் சிறுவயதிலேயே தாயார் இறந்துபோனார். கனவின் பொருளை அவர் அறியவேயில்லை.

ஏறக்குறைய பதினெட்டு வயதில் கமில்லஸ் தகப்பனோடு புறப்பட்டார். துருக்கியருக்கு எதிராக வெனிஸ் குடியரசு ஆட்சேர்ப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் அப்படையில் சேரச் சென்றனர். ஆறரை அடி உயரம் கொண்ட இளைஞன். அனுபவம் மிக்க தந்தை. எந்தப் படைத்தலைவனும் விரும்பி ஏற்கக்கூடிய இருவர். ஆயினும் போர்முனையை எட்டுமுன்பே இருவரையும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. வழியிலேயே தகப்பனார் இறந்தார். மகனுக்கு அவர் விட்டுச்சென்றது படைக்கலங்களை மட்டுமே. அந்த நாட்களில்தான் கமில்லஸின் கணுக்காலருகே ஒரு சிறு கொப்புளம் தோன்றியது. அவர் அதைச் சொறிந்தார், அது புண்ணாகியது. ஒரு கொப்புளம்தானே என்று விட்டிருப்பார்.

அக்காலப் படைவீரரின் அன்றாட வாழ்வு எத்தகையது என்பதை இங்கே சற்று எண்ணிப்பார்ப்பது நல்லது. நாட்டுப்பற்றினால் படையில் சேர்ந்தவர்கள் சிலரே. இளைய மகன்கள், கடனாளிகள், வேலையற்றவர்கள் ஆகியோரே பெரும்பாலும் ஒரு படைத்தலைவனின் கீழ்ப் பெயரைப் பதிந்து கூலிக்குச் சென்றார்கள். சம்பளம் மாதக்கணக்கில் தாமதித்து வரும். சில வேளைகளில் வராமலே போகும். வந்த பணம் ஓரிரவில் சூதில் கரையும். போர் நடக்கும் நாட்கள் குறைவு. காத்திருக்கும் நாட்களே அதிகம். கப்பல்களில் துடுப்பு வலிப்போரும் வீரரும் நெருக்கமாய் அடைபட்டுக் கிடப்பார்கள். அழுகிய தண்ணீர், புழுத்த உரொட்டி, உடலெங்கும் பேன். வாளும் துப்பாக்கியும் கொன்றதைவிட, காய்ச்சலும் வயிற்றுளைவும் கொன்ற வீரர்களே மிகுதி. பாசறையில் வைத்தியம் செய்பவர் பெரும்பாலும் நாவிதராயிருந்து சத்திரசிகிச்சை பழகிய ஒருவர். துப்பாக்கிக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவதே முறையான சிகிச்சை என நெடுங்காலம் நம்பப்பட்டது. அது நன்மையைவிடத் தீமையே செய்கிறது என்பதைப் பிரான்ஸ் நாட்டுப் படையுடன் சென்ற அம்புறுவாஸ் பாரே என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் கண்டறிந்து, 1545இல் நூலாக வெளியிட்டார். காயமுற்றவனுக்குத் தோழன் இருந்தால் தண்ணீர் கிடைக்கும். தோழனும் விழுந்துவிட்டால் அதுவும் இல்லை.

இந்த வாழ்வைத்தான் கமில்லஸ் வாழ்ந்தார். வெனிஸ் படையில் தல்மாசியாக் கரையிலும் கோர்பு தீவிலும் பணியாற்றினார். வயிற்றுளைவு நோயினால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். பின்னர் ஸ்பெயினுக்காகப் போரிடும் படையில் சேர்ந்தார். நோயாளி ஒருவனைத் தொடுவது எப்படி, எப்படித் தொடக்கூடாது என்பதை அவர் நூல்களில் படித்து அறியவில்லை. தாமே படுத்துக்கிடந்து அறிந்தார்.

இரண்டு படைப் பணிகளுக்கு இடையே, புண்ணுக்கு வைத்தியம் தேடி அவர் உரோமையிலுள்ள புனித யாக்கோபு வைத்தியசாலைக்கு வந்தார். தீராத நோயாளருக்கென நடத்தப்பட்ட இடம் அது. செலவுக்குப் பணம் இல்லாததால், சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கு வேலைக்காரராகவும் இருந்தார். புண் ஓரளவு ஆறியது, குணம் ஆறவில்லை. நோயாளரைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் தைபர் ஆற்றுப் படகோட்டிகளோடு சீட்டாடப் போய்விடுவார். தலையணையின் கீழ் ஒரு சீட்டுக்கட்டு அகப்பட்டது. நிர்வாகிகள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் நோயாளரைக் கைவிட்டுச் செல்லும் பணியாளரை அவர் மிகக் கண்டிப்புடன் திருத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாய் இருக்கலாம். அப்படிப்பட்ட பணியாளராய் அவரே இருந்திருக்கிறார் அல்லவா!

1574ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கடற்புயலில் சிக்கித் தப்பி நேப்பிள்ஸ் நகரில் கரையேறினார். அங்கே வாள், துப்பாக்கி, வெடிமருந்துக் குடுவை, மேலாடை என ஒவ்வொன்றாய்ச் சூதில் தோற்று, இறுதியில் சட்டையையும் தெருவிலே கழற்றிக் கொடுத்தார். போருக்கும் தகுதியற்ற, வேறு தொழிலும் தெரியாத ஒரு முன்னாள் சிப்பாயாக, மன்பிரெதோனியா நகரின் ஆலய வாசலில் கையேந்தி நின்றார். அவ்வளவு உயர்ந்த உடலோடு பிச்சை கேட்பது அவருக்கு எத்தகைய வெட்கமாய் இருந்திருக்கும்! அவ்வழியே வந்த ஒருவர், கப்புச்சின் துறவிகள் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் கூலிவேலை வாங்கித் தந்தார். கழுதைகளில் கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரும் ஏற்றிவருவது அவரது வேலை. குளிர்காலம் முடியும்வரை கூலி சேர்த்துக்கொண்டு மீண்டும் படைக்குப் போவதே அப்போது அவரது எண்ணம்.

அந்த எண்ணம் நிறைவேறவில்லை. 1575ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாம் திகதி ஒரு வேலையாக அவரை சான் ஜியோவன்னி ரொத்தொந்தோ மடத்துக்கு அனுப்பினார்கள். (பாத்ரே பியோ அடிகளார் 1916 முதல் 1968இல் இறக்கும்வரை வாழ்ந்ததும், 1956இல் பெரிய வைத்தியசாலையைத் திறந்ததும் இதே ஊரில்தான் என்பதை அறியும்போது, ஆண்டவர் சில இடங்களை மறப்பதில்லை என்று எண்ணத் தோன்றுகிறது.) அந்த மடத்தின் தலைவர் மாலையில் கமில்லஸைத் தனியே அழைத்து, பாவத்தைப் பற்றியும் இறைவனைப் பற்றியும் எளிமையாகச் சில வார்த்தைகள் பேசினார். மறுநாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். திரும்பி வரும் வழியில், கல்லும் கரடுமான அந்தப் பாதையில், கமில்லஸ் கழுதையிலிருந்து இறங்கி முழந்தாளிட்டு விழுந்து அழுதார். இத்தனை காலம் கடவுளை அறியாமல் இருந்ததற்காக அழுதார். வாழ்நாள் முழுவதும் பெப்ரவரி 2ஆம் திகதியைத் தமது மனமாற்றத்தின் நாளாக அவர் நினைவுகூர்ந்தார்.

இத்தோடு கதை இனிதே முடிந்திருக்கும் என்று நினைப்போம். கமில்லஸும் அப்படித்தான் நினைத்தார். கப்புச்சின் சபையில் சேர்ந்தார், மகிழ்ச்சியோடு இருந்தார். ஆனால், முரட்டுத் துணியாலான துறவாடை நடக்கும்போதெல்லாம் காலில் உராய்ந்து பழைய புண்ணைத் திறந்துவிட்டது. புண்ணோடு அந்தக் கடுந்தவ வாழ்வை வாழ முடியாது என்று சபையார் அவரை வருத்தத்தோடு அனுப்பினார்கள். மீண்டும் புனித யாக்கோபு வைத்தியசாலை. ஆறிவிட்டதென்று வைத்தியர்கள் சொன்னதும் மீண்டும் கப்புச்சின் மடம். மீண்டும் புண் திறந்தது, மீண்டும் வெளியேற்றம். தந்தை இறந்த நாட்களிலும் அவர் ஒரு முறை துறவியாக விரும்பி, பிரான்சிஸ்கன் சபையிலிருந்த உறவினர் ஒருவரிடம் சென்று, அதே புண்ணின் காரணமாக மறுக்கப்பட்டிருந்தார். மனந்திரும்பிய ஒருவர் கடவுளின் வீட்டுக் கதவைத் தட்டும்போதெல்லாம் அது மூடப்படுவது எத்தகைய வேதனை! செபித்தும் குணமாகாத நோயோடு வாழ்பவர்கள் இந்த இடத்தில் கமில்லஸை நன்கு புரிந்துகொள்வார்கள்.

அந்தப் புண் ஒவ்வொரு முறையும் அவரை ஒரே இடத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்த வைத்தியசாலையில், முன்னர் துரத்தப்பட்ட அதே மனிதரை இப்பொழுது நிர்வாகப் பொறுப்பாளராக நியமித்தார்கள். பொறுப்பேற்றபின்தான் உள்ளே நடப்பதை அவர் முழுமையாய்க் கண்டார். வேறெங்கும் வேலை கிடைக்காதவர்களே பெரும்பாலும் அக்கால வைத்தியசாலைகளில் பணியாளர்களாய் இருந்தார்கள். நோயாளியின் முன் உணவை வைப்பார்கள். கை தூக்க முடியாதவனுக்கு ஊட்டமாட்டார்கள். தாகத்தால் நாக்கு உலர்ந்தவன் இரவெல்லாம் கூப்பிடுவான், எவரும் எழுந்துவரமாட்டார். படுக்கையை மாற்றும்போது கட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டுவார்கள். இறந்துவிட்டான் என்று அவசரமாக முகத்தை மூடி வெளியே கொண்டுபோனவர்களில் இன்னும் உயிரோடிருந்தவர்களும் உண்டு. பின்னாளில் கமில்லஸ் தம் சகோதரருக்கு ஒரு கட்டளை கொடுத்தார்: மூச்சு அடங்கியதாகத் தோன்றிய பின்னும் குறைந்தது கால் மணிநேரம் செபத்தைத் தொடர வேண்டும், முகத்தை உடனே மூடக்கூடாது. இக்கட்டளையின் பின்னால் எத்தகைய கொடுமையை அவர் கண்டிருப்பார் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகின்றது.

1582ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவை அண்டிய ஓர் இரவில் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. கூலிக்காக அன்றி, கடவுளின் அன்புக்காக நோயாளருக்குப் பணிசெய்யும் மனிதர்களை ஒன்றுசேர்த்தால் என்ன? கூலிக்குப் போரிட்ட ஒருவரின் உள்ளத்தில் இந்த எண்ணம் பிறந்ததைக் கவனியுங்கள். கூலி எதைச் செய்விக்கும், எதைச் செய்விக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். வைத்தியசாலை நிர்வாகத்தினர் சந்தேகப்பட்டனர். கூடிச் செபித்த சிற்றறையைக் கலைத்துப்போட்டனர். அவரது ஆன்ம குருவான புனித பிலிப்பு நேரியார்கூட அவர் வைத்தியசாலையை விட்டுப் புதிய முயற்சியில் இறங்குவதை விரும்பவில்லை. புனிதர்களுக்கிடையேயும் கருத்து வேற்றுமை உண்டு என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

குருவானால்தான் இப்பணி நிலைக்கும் என்று அறிந்து, முப்பத்திரண்டு வயதில் சிறு பையன்களோடு வாங்கிலே அமர்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். பையன்கள் கேலி செய்தார்கள். 1584இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தாய்நாட்டிலிருந்து துரத்தப்பட்டு உரோமையில் வாழ்ந்த ஆங்கிலேய ஆயர் தோமஸ் கோல்ட்வெல் அவருக்கு அத்திருநிலைப்பாட்டை வழங்கினார். பின்னர் வத்திக்கான் அருகிலுள்ள பெரிய பரிசுத்த ஆவி வைத்தியசாலையில் அவரும் தோழர்களும் நாள்தோறும் பணிபுரிந்தார்கள். உணவு ஊட்டினார்கள், படுக்கை விரித்தார்கள், புண்களைக் கழுவினார்கள், மரிப்பவர் அருகில் இருந்தார்கள். யன்னல்களைத் திறந்து காற்று வரவிட வேண்டும், நோய்க்கேற்ற உணவு கொடுக்க வேண்டும், தொற்றுநோயாளரைத் தனியே வைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நோயுற்ற ஒரே மகனைத் தாய் எவ்வாறு பார்ப்பாளோ அவ்வாறு பார்க்க வேண்டும் என்பதே அவர் எழுதிய ஒழுங்குகளின் அடிப்படை. அவசர அவசரமாய்க் கை வேலை செய்யும் சகோதரரைக் கண்டால், கைகளில் இன்னும் கொஞ்சம் இதயத்தை வைக்கும்படி கேட்பாராம்.

1586ஆம் ஆண்டு பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இக்கூட்டத்தை அங்கீகரித்து, அங்கியின்மீது செஞ்சிலுவை அணிய அனுமதியும் வழங்கினார். அவ்வாண்டு ஜூன் 29ஆம் திகதி கமில்லஸும் தோழர்களும் அதை அணிந்து புனித பேதுரு பேராலயத்துக்குச் சென்றார்கள். நெஞ்சிலே சிலுவையோடு ஒருவர் முன்னே நடக்க, பலர் பின்னே நடந்தார்கள். புக்கியானிக்கோவில் ஒரு தாய் கண்டு பயந்த கனவு அதுவே. 1591இல் பாப்பரசர் பதினான்காம் கிரகோரியார் அதைத் துறவற சபையாக உயர்த்தினார். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவது ஒன்றையும் அவர்கள் எடுத்தார்கள். கொள்ளைநோய் கண்டவராயினும், தம் உயிருக்கே ஆபத்தாயினும் நோயாளருக்குப் பணிசெய்வதே அந்த வார்த்தைப்பாடு.

அது வெறும் வார்த்தை அன்று என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 1588இல் கமில்லஸ் நேப்பிள்ஸ் நகரில் இரண்டாவது இல்லத்தை நிறுவினார். சட்டையையும் இழந்து நின்ற அதே நகரம். சிறிது காலத்தில் ஸ்பெயின் நாட்டுச் சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் அக்கரைக்கு வந்தன. உள்ளே கொள்ளைக் காய்ச்சல். நகரத்துக்குப் பரவுமென அஞ்சி அவர்களைத் துறைமுகத்துக்குள் விடவில்லை. ஒரு காலத்தில் கமில்லஸ் கிடந்தது போலவே அந்த வீரர்கள் மரப்பலகைகளில் நோயோடும் அழுக்கோடும் கிடந்தார்கள். செஞ்சிலுவை அணிந்த சகோதரர்கள் படகேறி அவர்களிடம் போனார்கள்; தண்ணீர் கொடுத்தார்கள்; பாவசங்கீர்த்தனம் கேட்டு, இறந்தவரை அடக்கம் செய்தார்கள். போனவர்களில் சிலர் அந்நோய் தொற்றி இறந்தார்கள். பிறரன்புக்காக உயிர்கொடுத்த முதல் மறைசாட்சிகளாக அச்சபை அவர்களைப் போற்றுகின்றது. இச்செய்தி கேட்டபோது கமில்லஸின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அனுப்பியவர் அவர், மரித்தவர்கள் இளைஞர்கள்.

ஆயினும் அவர் அனுப்புவதை நிறுத்தவில்லை. 1595ஆம் ஆண்டு பாப்பரசர் எட்டாம் கிளமெந்து ஹங்கேரியில் துருக்கியரோடு நடந்த போருக்குப் படை அனுப்பியபோது, காயமுற்றோரையும் நோயுற்றோரையும் பராமரிக்க இச்சபைத் துறவியர் அப்படையோடு சென்றார்கள். 1601இல் கனிசா முற்றுகைக்கும் சென்றார்கள். அம்முற்றுகை தோல்வியில் முடிந்தது. குளிரிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அங்கே துறவியரின் கூடாரம் தீப்பற்றி எல்லாம் எரிந்தபோதும், ஓர் அங்கியின் செஞ்சிலுவை மட்டும் எரியாமல் கிடைத்ததாகச் சபையின் மரபு கூறுகின்றது. அக்காலப் போர்களை இன்று நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. பாப்பரசரின் கொடியின்கீழ் நடந்ததாலேயே ஒரு போர் புனிதமாகிவிடாது. ஆனால் வெற்றி தோல்வியைக் கணக்கிடும் தளபதிகளின் நடுவே, வயிற்றுளைவோடு கிடக்கும் ஒரு சிப்பாயின் அருகில் மண்டியிட ஆட்கள் இருந்தார்கள் என்பதை மறக்கவும் கூடாது.

இதை உலகின் முதலாவது போர்க்கள வைத்தியப் பணி என்று சிலர் எழுதுவார்கள். அது சற்று மிகை. ஸ்பெயின் அரசி இசபெல்லா கிரனாதா போரின்போதே வீரருக்குக் கூடார வைத்தியசாலைகள் அமைத்திருந்தார். இன்றைய செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம் கமில்லஸிடமிருந்து வந்தது என்பதும் சரியன்று. 1864இல் ஜெனீவா உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட அச்சின்னம் சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி அமைந்ததென விளக்கப்படுகின்றது. நம் புனிதருக்கு இல்லாத பெருமைகள் தேவையில்லை. கட்டளையால் அன்றி வார்த்தைப்பாட்டினால், கூலியின்றிப் படைவீரரின் நோய்ப்படுக்கைக்குச் சென்ற ஒரு துறவற சபை அவருடையது. அது போதும்.

அந்தப் புண்? அது கூடவே இருந்தது. அதோடு குடலிறக்கம், சிறுநீரகக் கல், பாதங்களில் தடித்த காய்ப்புகள், எதையும் தாங்காத வயிறு என்று வேறு துன்பங்களும் சேர்ந்தன. இவற்றை இறைவனின் இரக்கங்கள் என்றே அவர் அழைத்தார். 1598ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நாட்களில் தைபர் ஆறு பெருக்கெடுத்து பரிசுத்த ஆவி வைத்தியசாலைக்குள் புகுந்தது. கமில்லஸ் அந்தக் காலோடு தண்ணீரில் இறங்கி, தோழரோடு சேர்ந்து நோயாளரை ஒவ்வொருவராய்ச் சுமந்து மேல்மாடியில் சேர்த்தார். 1607இல் சபைத் தலைமையைத் தாமே துறந்து, சாதாரணப் பணியாளராக மீண்டும் கட்டில்களிடையே நடந்தார். நடக்க முடிந்தவரை நடந்தார்.

இறுதி மாதங்களில் தம்மைப் பார்க்க எவரும் அருகில் காத்திருப்பதை அவர் விரும்பவில்லை. வேறு நோயாளர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சகோதரர்களை அனுப்பிவிடுவார். அவர்கள் போனபின், தாமே கட்டிலிலிருந்து மெல்ல இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து, அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு ஏதாவது தேவையா என்று பார்க்கப் போவார். 1614ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் திகதி, உரோமை மதலேனா ஆலயத்தை அடுத்த சபை இல்லத்தில், கைகளைச் சிலுவையாய் விரித்தபடி அவர் உயிர்விட்டார். அப்போது அவருக்கு வயது 64. காலிலிருந்த புண்ணுக்கு வயது 46.